ஐப்பசி மழைக்கு என்ன நடலாம்: இராமநாதபுரக் கடலோரத் தோட்டத்துக்கான முழுமையான வழிகாட்டி

தொண்டியிலிருந்து தேவிபட்டினம், மண்டபம், இராமேசுவரம் தீவு வழியாகக் கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் வரையுள்ள கரையோர ஊர்களில், ஐப்பசி மழையை நம்பி வீட்டுத் தோட்டம் போட நினைப்பவர்களுக்காக இந்த வழிகாட்டி எழுதப்பட்டுள்ளது. புதிதாகத் தொடங்குவோர் பெரும்பாலும் விதைக்கடையில்தான் தொடங்குகிறார்கள். உறையில் உள்ள படம் பிடித்திருந்தால் வாங்கிவிட்டு, அதன்பின் இடம் தேடி, அதன்பின் கிணற்றைப் பார்க்கிறார்கள். இந்தக் கரையில் அந்த வரிசை தலைகீழானது. முதலில் தண்ணீரின் உப்பு, அடுத்து காற்று வரும் திசை, பிறகு மண், பிறகு மாதக் கணக்கு ஆகியவற்றைப் பார்த்த பின்னரே செடியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முதல் நான்கையும் ஒழுங்காகப் பார்த்துவிட்டால், எதை நடுவது என்ற கேள்விக்கான விடை பாதிக்கு மேல் தானாகவே கிடைத்துவிடும்.

முன்னதாகக் கையில் இருக்க வேண்டியவை

நீரில் கரைந்துள்ள உப்பின் அளவைக் காட்டும், சட்டைப்பையில் அடங்கும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று, நன்கு மக்கிய மாட்டுச் சாணம் அல்லது ஆட்டுப் புழுக்கை, வேப்பம் பிண்ணாக்கு, பனையோலை அல்லது பனை மட்டை, நாற்றுவிடத் தட்டுகள் அல்லது பழைய வாளிகள், மழைநீரைப் பிடித்து வைக்க மூடியுள்ள ஒரு தொட்டி ஆகியவை வேண்டும். இவற்றுள் மீட்டரைத்தான் பலர் தேவையில்லை என்று விட்டுவிடுகிறார்கள். நாக்கில் கரிக்காத தண்ணீர்கூட கத்தரி நாற்றைக் கருக்கக்கூடும் என்பதால், அதை மட்டும் விட்டுவிடக் கூடாது.

1. கிணற்று நீரின் உப்பை ஆவணிக் கடைசியில் அளக்க வேண்டும்

ஆண்டிலேயே கிணற்றில் உப்பு மிகுந்திருப்பது மழைக்குச் சற்று முன்புதான். ஆகவே ஆவணிக் கடைசியிலோ புரட்டாசித் தொடக்கத்திலோ அளந்தால், அந்தக் கிணற்றின் மிக மோசமான நிலை தெரிந்துவிடும். மல்லிகை போன்று ஆண்டுக்கணக்கில் நிற்கும் செடிகளை அந்த அளவைக் கொண்டே முடிவு செய்ய வேண்டும். மூன்று மாதத்தில் முடியும் காய்கறிகளுக்கு, மழை தொடங்கிச் சில வாரங்கள் கழித்து இரண்டாம் முறை அளக்கும் அளவே போதுமானது.

அளக்கும்போது விடியற்காலையில் மோட்டார் போடுவதற்கு முன் ஒரு முறையும், அரை மணி நேரம் ஓடிய பின் ஒரு முறையும் பார்க்க வேண்டும். மணற்பாங்கான கரையில் நன்னீர், உப்புநீரின் மேல் ஒரு படலமாக மிதந்து நிற்கிறது. மோட்டாரைத் தொடர்ந்து ஓட்டினால் கீழிருக்கும் உப்புநீர் மேலே ஏறி வரும். இரண்டு அளவுகளுக்கும் இடையே பெரிய வேறுபாடு இருந்தால், ஒரே மூச்சில் இறைப்பதை விட்டுவிட்டுக் காலையும் மாலையும் சிறிது சிறிதாக இறைப்பதே வழி.

லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் எதையும் நடலாம். 500 முதல் 2000 வரை இருந்தால் செடியைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். 2000ஐத் தாண்டினால் அந்தத் தண்ணீர் உப்பைத் தாங்கும் செடிகளுக்கு மட்டுமே ஆகும். மற்றவற்றுக்கு மழைநீர்த் தொட்டியையே நம்ப வேண்டும்.

2. வாடை எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று பார்க்க வேண்டும்

ஐப்பசி முதல் தை வரை வாடைக்காற்றுதான் ஆட்சி செய்யும். தொண்டி, தேவிபட்டினம், மண்டபத்தின் வடகரை ஆகிய இடங்களில் அது வடகடலிலிருந்து நேராகத் தோட்டத்தில் ஏறும். வரும்போது உப்புத் திவலையையும் சுமந்து வரும். கீழக்கரை, ஏர்வாடி பக்கத்தில் கடல் தெற்கே இருப்பதால் அதே வாடை நிலத்தைக் கடந்து வருகிறது. ஆகவே மழைக்காலத்தில் அங்கே உப்பின் தொல்லை குறைவு, ஆனால் பங்குனிக்குப் பின் தென்கடலிலிருந்து எழும் சோழகக் காற்று அதே வேலையைச் செய்யும். பாம்பன் உள்ளிட்ட தீவு முழுவதிலும் இரண்டுக்கும் தடுப்பு வேண்டும்.

தடுப்பு என்றவுடன் சுவர் எழுப்ப வேண்டியதில்லை. சுவரில் மோதிய காற்று மேலே எழும்பி மறுபுறத்தில் சுழன்று இறங்குவதால், சுவருக்குப் பின்னால் உள்ள செடிகள்தாம் முதலில் முறிகின்றன. காற்றில் ஒரு பகுதியை உள்ளே விட்டு வேகத்தைக் குறைக்கும் பனையோலைத் தட்டியே இங்கு ஏற்றது. ஓர் ஆள் உயரத் தட்டி, தன் உயரத்தைப் போல ஐந்து மடங்கு தூரத்துக்கேனும் செடிகளைக் காக்கும். நிலையான வேலி வேண்டுவோர் அரளியை வரிசையாக வைக்கலாம். உப்பையும் காற்றையும் தாங்கும், ஆடும் கடிக்காது. ஆனால் அதன் இலை, பூ, தண்டு அனைத்தும் நஞ்சு என்பதால் சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

இலை கருகுவதை வைத்துக் காரணத்தைக் கண்டுபிடிக்கலாம். கடலைப் பார்த்த பக்கத்து இலைகள் மட்டும், இளையது முதியது என்ற வேறுபாடின்றித் தீய்ந்திருந்தால் அது காற்றில் வந்த உப்பு. செடியைச் சுற்றிலும் அடி இலைகளின் நுனியும் ஓரமும் முதலில் பழுப்பேறி, பிறகு மேலே பரவினால் அது வேர் வழியாக ஏறிய உப்பு. முன்னதற்கு, மழையில்லாமல் காற்று மட்டும் அடித்த இரவின் மறுநாள் காலையில் நல்ல தண்ணீரால் இலைகளைக் கழுவிவிட வேண்டும். பின்னதற்கு இலையைக் கழுவிப் பயனில்லை; தண்ணீரைத்தான் மாற்ற வேண்டும்.

3. மண்ணுக்கு ஏற்பப் பாத்தி அமைத்தல்

கடலை ஒட்டிய மணலில் மேட்டுப்பாத்தி தேவையில்லை. எத்தனை மழை பெய்தாலும் மணல் சில மணி நேரத்தில் வடித்துவிடும். அதனோடு சத்தையும் கொண்டுபோய்விடும் என்பதே அங்குள்ள சிக்கல். சதுர மீட்டருக்கு ஐந்து கிலோ மக்கிய எருவும் ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கும் கலந்து, பாத்தியைத் தரைமட்டமாகவே வைக்கலாம். பிண்ணாக்கை விட்டுவிடக் கூடாததற்குக் காரணம், வேர்முடிச்சு உண்டாக்கும் நூற்புழு மணலில்தான் அதிகம் பெருகும்.

கண்மாய் வண்டலை மணலில் கலப்பது நல்ல பழக்கம். உரிய அனுமதி பெற்று அள்ளிய வண்டலாக இருந்தாலும், கலப்பதற்கு முன் அதன் உப்பைப் பார்த்துவிட வேண்டும். ஒரு பங்கு வண்டலை ஐந்து பங்கு மழைநீரில் கலக்கி, தெளிந்தபின் மீட்டரை வைத்து, வெறும் மழைநீரின் அளவோடு ஒப்பிட வேண்டும். பெரிய ஏற்றம் தெரிந்தால் அந்த வண்டலை ஒரு மழையில் நனையவிட்டுப் பிறகு சேர்க்கலாம். தென்னை நார்க்கழிவுக்கும் கரையொதுங்கும் கடற்புல்லுக்கும் இதே விதி பொருந்தும். கரையில் கிடப்பதை அப்படியே அள்ளி வந்து மண்ணை மூடும் மூடாக்காகப் போடுவது, உப்பைக் கூலி கொடுத்து வீட்டுக்குக் கொண்டு வருவதற்குச் சமம்.

களிமண்ணாக இருந்தால் கதை வேறு. அங்கே பாத்தியை ஒரு சாண் உயர்த்தி, வடிகால் வாய்க்காலை மழைக்கு முன்பே வெட்டி, அது எங்கே போய்ச் சேரும் என்பதையும் பார்த்து வைக்க வேண்டும். கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றும் வேரில் ஓரிரு நாள் நீர் நின்றாலே வாடிவிடும். உப்புள்ள களியில் நாற்றைப் பாரின் (வாய்க்கால்களுக்கு இடையே உயர்த்திய மண் வரப்பின்) உச்சியில் நடுவது பொதுவான பிழையாகும். நீர் ஆவியாகும்போது உப்பு மேலேறி உச்சியில்தான் படியும். ஆகவே பாரின் சரிவில், பாதி உயரத்தில் நட வேண்டும்.

சிப்பியும் பவளப்பாறைத் துணுக்கும் கலந்த வெண்மணல் உள்ள இடங்களில் சுண்ணாம்பு மிகுதியாக இருக்கும். அங்கே இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால், அது எருக் குறைவு அன்று, இரும்புச்சத்துக் குறைவு. லிட்டருக்கு 5 கிராம் இரும்பு சல்பேட்டைக் கரைத்து மாலையில் இலையில் தெளித்தால் தெளியும்.

4. மாதக் கணக்கைப் பின்னாலிருந்து போட வேண்டும்

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20ஐ ஒட்டித் தொடங்கி டிசம்பரில் ஓயும். மாவட்டத்துக்கு ஆண்டில் கிடைக்கும் மழையில் பெரும்பங்கு இந்த மூன்று மாதங்களில்தான் விழுகிறது. அதன் பின் தையில் கிணறு நன்றாக இருக்கும், மாசியில் சுமாராக இருக்கும், பங்குனியில் பல கிணறுகள் மீண்டும் கரிக்கத் தொடங்கும். இந்தப் பங்குனிதான் கணக்கின் தொடக்கப் புள்ளி. உப்பைத் தாங்காத எந்தச் செடியும் அதற்குள் காய்த்து முடிந்திருக்க வேண்டும்.

ஆடிப்பட்டம் தேடி விதைப்பது மற்ற மாவட்டங்களுக்குச் சரியாக இருக்கலாம். இங்கே ஆடியில் வறண்ட காற்றும் கரிக்கும் கிணறும் இருப்பதால், வீட்டுத் தோட்டத்துக்குப் புரட்டாசிப் பட்டமே பட்டம்.

கீரை 25 முதல் 30 நாளில் முடியும். முள்ளங்கிக்கு 45 நாள். வெண்டையும் கொத்தவரையும் 45 முதல் 60 நாளில் காய் தந்து மூன்று மாதத்தில் ஓயும். தக்காளி நான்கு மாதத்துக்குச் சற்று மேலாகவும், கத்தரி ஐந்து மாதமும், மிளகாய் ஆறு மாதமும் நிலத்தில் இருக்கும். ஆகவே நீண்ட நாள் நிற்பவற்றை முதலிலும் குறுகிய நாளில் முடிபவற்றைப் பின்னாலும் தொடங்க வேண்டும். புதியவர்கள் எல்லாவற்றையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் விதைத்துவிடுகிறார்கள்; அதனால் கார்த்திகையில் கீரை தின்னத் தின்னத் தீராமல் இருக்கும், பங்குனியில் கத்தரி காய்க்கும் நேரத்தில் கருகும்.

5. காய்கறிகளைத் தேர்ந்தெடுத்தல்

உப்பை நன்கு தாங்குவது கொத்தவரை. அதற்கடுத்து தட்டைப்பயறு, பாலக்கீரை, பருப்புக்கீரை, தண்டுக்கீரை ஆகியவற்றைச் சொல்லலாம். மீட்டர் 2000ஐத் தொட்ட வீட்டில் இவற்றோடு நிறுத்திக்கொள்வது அறிவுடைமை. பாலக்கு வளர்ந்தபின் உப்பைத் தாங்குமே தவிர முளைக்கும்போது தாங்காது. விதைத்த முதல் இரண்டு வாரங்களுக்கு அதற்கு மழைநீர் வேண்டும்.

வெண்டை, தக்காளி, கத்தரி, மிளகாய், பாகல், பீர்க்கு ஆகியவை நடுத்தரமானவை. மழை நீரில் வேர் பிடித்துவிட்டால் தை, மாசி வரை ஓரளவு உப்பில் சமாளிக்கும். விளைச்சல் மட்டும் குறையும். இவற்றுள் மிளகாயில் வெளியூர் வீரிய ரகங்களைத் தேடிப் போக வேண்டாம் என்பது என் கருத்து. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற இராமநாதபுரம் முண்டு மிளகாய் இந்த மண்ணில் மானாவாரியாகவே புரட்டாசியில் விதைக்கப்பட்டு, மழை ஈரத்தைக் கொண்டே வளர்ந்து, தை மாசியில் பழுக்கும் இயல்புடையது. வீட்டுக்குப் பத்துச் செடிகள் போதும். வற்றலுக்கு வேண்டுமானால் இரட்டிப்பாக்கலாம்.

அவரையில் ஒரு நுணுக்கம் உண்டு. பந்தலில் ஏறும் நாட்டுக் கொடி அவரை, பகல் குறுகும்போது பூப்பது. ஆவணிக்குள் விதைத்தால் கொடி நன்றாகப் படர்ந்து கார்த்திகை, மார்கழியில் பூத்துப் பொங்கல் குழம்புக்குக் காய் தரும். ஐப்பசியில் விதைத்தால் கொடி முழங்கால் உயரத்தில் இருக்கும்போதே பூக்கத் தொடங்கி, நாலு காயோடு நின்றுவிடும். காலம் தவறியவர்கள் செடி அவரைக்கு மாறிக்கொள்ளலாம்.

பீன்சும் கேரட்டும் உப்பைச் சற்றும் பொறுக்காதவை. முட்டைகோசும் காலிபிளவரும் குளிரைக் கேட்பவை. இந்தக் கரையில் மார்கழி இரவிலும் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. குளிர்காலக் காய்கறி என்று விதைக்கடையில் தருவதையெல்லாம் இங்கு வாங்க வேண்டியதில்லை. சின்ன வெங்காயம் நல்ல தண்ணீர் உள்ள வீட்டில் மட்டும், மழை விட்டபின் தையில் நடத்தக்கது. அதை மழையில் நட்டால் கிழங்கு அழுகும்.

6. பூச்செடிகளைத் தேர்ந்தெடுத்தல்

பூவில் முதலில் தீர்மானிக்க வேண்டியது, மார்கழி கோலத்துக்கும் பொங்கலுக்கும் பூ வேண்டுமா, அல்லது ஆண்டுக்கணக்கில் பறிக்க வேண்டுமா என்பதே.

மார்கழிக்கு என்றால் செண்டுமல்லி, கோழிக்கொண்டை, வாடாமல்லி மூன்றும் போதும். விதைத்து ஏறக்குறைய 60 முதல் 75 நாளில் செண்டுமல்லி பூக்கும். ஆகவே மார்கழித் தொடக்கத்துக்கு வேண்டுமானால் புரட்டாசியிலும், பொங்கலுக்கு வேண்டுமானால் ஐப்பசித் தொடக்கத்திலும் நாற்றுவிட வேண்டும். நட்ட 30ஆம் நாள் நடுக்குருத்தைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை வெடித்துப் பூ கூடும். முதல் மொட்டைக் கிள்ள மனம் வராமல் விடுபவர்களின் செடி, வாடையில் ஒற்றைத் தண்டாக உயர்ந்து சாய்ந்துவிடும். செண்டுமல்லியைத் தக்காளி, கத்தரிப் பாத்திகளில் முன்கூட்டிப் பயிரிட்டால் நூற்புழுவும் குறையும்.

டிசம்பர் பூ இந்தப் பருவத்துக்கே உரியது என்றாலும், ஐப்பசியில் குச்சி ஊன்றினால் அந்த ஆண்டு பூக்காது. வளர்ந்த செடியை வாங்கி நட வேண்டும். கனகாம்பரம் அரை நிழலில் நன்றாக வரும், ஆனால் நூற்புழுவுக்கும் தேங்கும் நீருக்கும் அஞ்சும். நித்தியகல்யாணியைக் கடற்கரை மணலில் தானாகவே முளைத்திருக்கக் காணலாம்; எதுவும் வராத உப்பு மூலைக்கு அதுவே துணை. பத்துமணிப் பூவும் உப்பைத் தாங்கும், ஆனால் தொடர்மழையில் தண்டு அழுகும். அதை மழை ஓய்ந்தபின் நடலாம்.

மல்லிகையைப் பொறுத்தவரை, தங்கச்சிமடம் பகுதியில் பதியம் போட்டு உருவாக்கும் குண்டுமல்லிக் கன்றுகள் தமிழகம் முழுவதும் போகின்றன; இந்தக் கரையில் இருப்பவர்கள் வேறெங்கும் தேட வேண்டியதில்லை. முழ ஆழ, அகலக் குழியில் பத்துக் கிலோ எருவிட்டு, நான்கு அடி இடைவெளியில் ஐப்பசியில் நட்டால் மழையே வேர் பிடிக்க வைத்துவிடும். நட்ட மார்கழியில் பூவை எதிர்பார்க்கக் கூடாது. வெயில் ஏறும் மாசி, பங்குனியில்தான் குண்டுமல்லிக்குப் பருவம் தொடங்கும். வளர்ந்த பழைய செடிகளை நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் கவாத்து செய்ய, அதாவது கிளைகளை வெட்டிவிட, வேண்டும். இந்த ஆண்டு நட்ட கன்றைக் கவாத்து செய்யக் கூடாது.

7. நாற்றுவிடும் வரிசை

நடவுக்குரிய நாளாக ஐப்பசி இரண்டாம் வாரத்தை, அதாவது அக்டோபர் கடைசியை, வைத்துக்கொள்ள வேண்டும். மிளகாய் நாற்றுக்கு 40 நாள் என்பதால் செப்டம்பர் இருபதை ஒட்டியும், கத்தரிக்கு 30 முதல் 35 நாள் என்பதால் அந்த மாதக் கடைசியிலும், தக்காளிக்கு 25 நாள் என்பதால் அக்டோபர் முதல் வாரத்திலும் விதைக்க வேண்டும். முண்டு மிளகாயை நேரடியாகவும் விதைக்கலாம்.

நாற்றுக்குப் பிடித்து வைத்த மழைநீரையே விட வேண்டும். முந்தைய ஆண்டு மழைநீர் இல்லாதவர்கள் குடிநீரில் ஒரு குடத்தை இதற்கு ஒதுக்குவது வீண் செலவு அன்று. நாற்றங்கால் குடிக்கும் நீர் மிகக் குறைவு. விதையை ஒரு கிலோவுக்கு 4 கிராம் என்ற கணக்கில் டிரைக்கோடெர்மா விரிடி என்னும் நன்மை செய்யும் பூஞ்சைத் தூளுடன் கலந்து விதைத்தால் நாற்றழுகல் குறையும். வீட்டு அளவில் ஒரு சிட்டிகை போதும். நாற்றுத் தட்டை மழை நேராக விழாத, வெளிச்சம் குறையாத இடத்தில் வைக்க வேண்டும்.

8. நடவு: முதல் மழைக்கல்ல, மண் கழுவப்பட்ட பின்

முதல் தூறல் விழுந்ததும் ஓடிப்போய் நடுவதுதான் இந்தக் கரையில் நான் அதிகம் பார்த்த தவறு. கோடையில் மேல்மண்ணில் படிந்த உப்பை, ஒரு சிறு தூறல் வேர்ப் பகுதிக்கு இறக்கிவிடுமே ஒழிய, அதற்குக் கீழே தள்ளாது. அந்த நேரத்தில் நட்ட நாற்று மழையிலேயே கருகும். மண் ஒரு முழம் ஆழத்துக்கு நனையும் அளவுக்கு இரண்டு மூன்று கனமழை விழுந்தபின் நட வேண்டும். ஏற்கெனவே நட்டுவிட்டு, தூறல் மட்டும் விழுந்தால் அன்றே நல்ல நீரை ஆழமாகப் பாய்ச்சி உப்பைக் கீழே தள்ள வேண்டும்.

நடவை மாலையில் செய்து, நாற்றின் வாடை பக்கத்தில் ஒரு பனை மட்டைத் துண்டைச் சாய்த்து ஊன்றலாம். கத்தரிக்கு இரண்டடியும், தக்காளிக்கும் மிளகாய்க்கும் ஒன்றரையடியும், வெண்டைக்கு ஓரடியும் இடைவெளி விட வேண்டும். ஈரம் நிறைந்த மாதங்களில் நெருக்கி நட்டால் காற்றோட்டம் குறைந்து இலைநோய் பரவும்.

9. கார்த்திகை மழையின் போது

இந்த மாதத்தில் வேலை குறைவு. வடிகாலைப் பார்ப்பது, சாய்ந்த செடியை நிமிர்த்திக் குச்சி கட்டுவது, களையெடுப்பது ஆகியவையே போதும். மணலில் சத்து கழுவப்படுவதால், எருவை ஒரே தவணையில் போடாமல் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை சிறிதளவு வைக்க வேண்டும். மீன் கழிவையும் வெல்லத்தையும் சம எடையில் மூடிவைத்து மூன்று வாரத்துக்கு மேல் நொதிக்கவிட்ட மீன் அமிலத்தை, லிட்டருக்கு 5 மில்லி வீதம் மழையில்லாத மாலையில் தெளிக்கலாம். பச்சை மீன் கழிவை நேராகக் குழியில் போட்டால் நாயும் பூனையும் செடியோடு சேர்த்துத் தோண்டும். உப்புக்கண்டம் கழுவிய தண்ணீரைச் செடிக்கு ஊற்றும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. அது அறவே கூடாது.

10. மழை விட்டபின்

மார்கழிப் பனியில் வெண்டை, பாகல், பீர்க்கு இலைகளில் சாம்பல் பூத்தாற்போல் நோய் வரும். பாதித்த அடி இலைகளைப் பறித்து அப்புறப்படுத்தி, தண்ணீரைக் காலையில் வேரில் மட்டும் விட வேண்டும். வெண்டையில் இலை மஞ்சள் வலையாகத் தெரிந்தால் அது வெள்ளை ஈ பரப்பும் நச்சுயிரி நோய். மருந்து தேடாமல் செடியைப் பிடுங்கி எரிப்பதே நல்லது.

தை பிறந்ததும் மீண்டும் கிணற்றை அளக்க வேண்டும். அளவு ஏறத் தொடங்கினால், தினமும் கொஞ்சம் தெளிப்பதை நிறுத்தி, மணலில் மூன்று நாளுக்கு ஒரு முறையும் களியில் வாரம் ஒரு முறையும் ஆழமாகப் பாய்ச்ச வேண்டும். அடிக்கடி மேலாக நனைத்தால் உப்பு மேல்மண்ணிலேயே சேரும். செடியின் அடியில் பனையோலையோ காய்ந்த இலையோ மூடாக்காக இட்டால் நீர் ஆவியாவது குறைந்து உப்பேற்றமும் தள்ளிப்போகும். மாசிக் கடைசியில் காலியாகும் பாத்திகளில் கொத்தவரையையும் தட்டைப்பயற்றையும் விதைத்துவிட்டு, மழைநீர்த் தொட்டியில் மீந்திருப்பதை மல்லிகைக்கு ஒதுக்கி வைக்கலாம்.